நண்பர் வீட்டு வேலையா? கூலியைப் பேசிவிட்டுச் சுத்தியலை எடுங்கள்

"நமக்குள்ள என்னப்பா கணக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்." வீட்டுப் புதுப்பிப்பு வேலையில் இந்தப் பேச்சு கெடுத்த நட்புகளை எண்ணி மாளாது. முடிவு எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. குளியலறை பாதி உடைத்தபடி கிடக்கும், வாசலில் இடிபாட்டு மூட்டைகள் குவிந்திருக்கும், வேலை செய்தவரும் வீட்டுக்காரரும் ஒருவர் போனை ஒருவர் எடுக்க மாட்டார்கள். இருவருமே நல்லவர்கள், ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இருந்ததில்லை. தொகையைச் சொல்லக் கூச்சப்பட்டார்கள், அவ்வளவுதான்.

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் ஒரு தவறான நம்பிக்கை: "நண்பன்தானே, லாபம் வேண்டாம், நாள் கூலி மட்டும் வாங்கிக்கொள்கிறேன்." நாள் கூலியைத் தவிர மற்றதெல்லாம் லாபம் என்று நினைப்பதால் வரும் வினை இது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் ஒரு நாள் கூலியை 100 என்றும் உதவியாளுடையதை 60 என்றும் வைத்துக்கொள்வோம். 5 அடிக்கு 7 அடி குளியலறையில் தரையும் 7 அடி உயரம் வரை சுவரும் சேர்த்து, கதவைக் கழித்தால் சுமார் 185 சதுர அடி டைல்ஸ் வேலை இருக்கும். உடைப்பது முதல் கிரௌட் (டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் பூச்சு) போடுவது வரை உங்களுக்கு 8 நாள், உதவியாளுக்கு 6 நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 800, அவருக்கு 360. கட்டர் பிளேடு, டிரில் பிட், வண்டிச் செலவு எல்லாம் 100. இதற்கு மேல் ஒன்று உண்டு, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மாதத்தில் 26 நாளை வேலைக்கென்று ஒதுக்கினாலும் கூலி வருவது 20 நாளுக்குத்தான் என்று வையுங்கள். அளவெடுக்கப் போன நாள், கடைக்கு அலைந்த நாள், பழைய வேலையில் குறை சரிசெய்த நாள், வேலையே இல்லாத நாள் என்று மீதி கரைந்துவிடும். அந்த 20 நாள் மற்ற 6 நாளையும் சுமக்க வேண்டும். ஆக 800 என்பது உண்மையில் 1040 (800-ஐ 26-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் வருவது). மொத்தம் 1500.

இப்போது "நாள் கூலி மட்டும் போதும்" என்று 800 வாங்கினால் என்ன ஆகும்? உதவியாளுக்கு 360, பிளேடுக்கும் வண்டிக்கும் 100 போக உங்கள் கையில் 340. எட்டு நாளுக்கு! ஒரு நாளைக்கு 42.5 வருகிறது. உங்கள் உதவியாள் வாங்குவதைவிடக் குறைவு. நீங்கள் விட்டுக்கொடுத்தது லாபத்தை அல்ல, சோற்றை.

சலுகையே கூடாது என்று சொல்லவில்லை, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் உங்கள் பங்கான 1040-இல் இருந்து மட்டும் கொடுங்கள். 15 சதவீதம் என்றால் 156 குறைந்து மொத்தம் 1344 ஆகும். உதவியாளின் கூலியில் கை வைக்காதீர்கள். அந்த வீட்டுக்காரர் அவருக்கு நண்பர் இல்லை. முழுத் தொகையை முதலில் எழுதி, அடியில் சலுகையை எழுதி, பிறகு நிகரத் தொகையைக் காட்டுங்கள். சலுகையைக் காட்டாமல் குறைத்துச் சொன்னால், அதுதான் உங்கள் ரேட் என்று அவர் நாலு பேரிடம் சொல்வார். அவர் மேல் குற்றமில்லை, அவருக்கு எப்படித் தெரியும்?

கட்டுப்படியாகாத கூலியில் முதலில் அடிபடுவது கண்ணுக்குத் தெரியாத வேலை. தண்ணீர் கசியாமல் தடுக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு இரண்டு கோட்டுக்குப் பதில் ஒன்றாகிவிடும். வடிகாலை அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் கோடு போட்டு, மட்டம் இறங்குகிறதா என்று 24 மணி நேரம் பார்க்கும் சோதனை காணாமல் போகும். கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரியும்போது மொத்த டைல்ஸையும் மறுபடி உடைக்க வேண்டியிருக்கும். சும்மா செய்து தருகிறேன் என்று ஏற்ற வேலையின் கதியும் இதுதான். காசு தரும் வேலை வந்ததும் அது பின்னுக்குத் தள்ளப்பட்டு, நண்பர் குடும்பம் குளியலறை இல்லாமல் மாதக்கணக்கில் தவிக்கும்.

பழைய வீட்டில் மொத்த வேலைக்கும் ஒரே தொகை சொல்லவே சொல்லாதீர்கள். உடைப்பதற்குத் தனியாகப் பேசுங்கள். டைல்ஸ் பெயர்ந்த பிறகு தூக்குக்குண்டு போட்டுச் சுவரைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சாய்வு இருந்தால் பூச்சு வேலை கூடும். துருப்பிடித்த பைப் தெரிந்தால் அது வேறு கணக்கு. டைல்ஸ் அளவையும் முன்பே கேளுங்கள். 2-க்கு 4 அடி டைல்ஸ் தூக்க இரண்டு பேர் வேண்டும், பின்பக்கமும் பசை தடவ வேண்டும், மட்டம் பிசகாமல் பிடிக்கும் லெவலிங் கிளிப் போட வேண்டும். அதற்கும் ஒரு அடி டைல்ஸுக்கும் ஒரே சதுர அடி ரேட் சொல்பவர் நஷ்டப்படாமல் இருக்க வழியில்லை.

பொருளை நண்பரே வாங்கட்டும், பில் அவர் பெயரில் இருக்கட்டும். நேராகப் பதித்தால் 10 சதவீதம், குறுக்காகப் பதித்தால் 15 சதவீதம் கூடுதலாக வாங்கச் சொல்லுங்கள். குறைந்து போய் மறுபடி வாங்கினால் அதே நிறம் கிடைப்பது அரிது.

"அப்படியே அந்தச் சுவரையும் கொஞ்சம் பார்த்துவிடு" என்று ஒரு நாள் கேட்பார். கேட்டே தீருவார். அங்கேயே வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்புங்கள்: "ஹால் சுவர் பட்டி, பிரைமர், பெயின்ட், எனக்கு மட்டும் 3 நாள் கூலி, பொருள் உன்னுடையது. சரின்னா நாளைக்கு ஆரம்பிக்கிறேன்." பதில் வராமல் பட்டி டப்பாவைத் திறக்காதீர்கள்.

வேலை கேட்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "நானும் கூடமாட உதவுகிறேன்" என்று சொல்லிக் கூலியைக் குறைக்காதீர்கள். மூட்டை தூக்குவது, சாமான்களை மூடி வைப்பது உண்மையான உதவி. டைல்ஸ் ஒட்ட வந்தால் சொல்லிக்கொடுக்கவும் பெயர்த்து ஒட்டவும் நேரம் இரட்டிப்பாகும். தொகை அதிகமாகத் தோன்றினால் வெளியில் இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். அதில் யாருக்கும் வருத்தம் வேண்டியதில்லை. சுமைதாங்கும் சுவரை உடைப்பது, மெயின் போர்டு, கேஸ் லைன் ஆகியவற்றுக்குத் தகுதியுள்ள ஆளை முழுக் கூலிக்கே அழையுங்கள்.

பணத்தை, வேலை தொடங்கும்போது 30 சதவீதம், வாட்டர்ப்ரூஃபிங் சோதனை முடிந்ததும் 40, கிரௌட் காய்ந்து ஒப்படைக்கும்போது 30 என்று பிரித்து வாங்குங்கள். எத்தனை மாதம் வரை இலவசமாக வந்து குறை பார்ப்பீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். நீங்கள் போட்ட கிரௌட் பிளந்தால், நீங்கள் இணைத்த ஜாயின்ட் கசிந்தால் அது உங்கள் பொறுப்பு. அவர் வாங்கிய குழாய் பழுதானால் மாட்டித்தர அரை நாள் கூலி.