பட்டன் பேட்ஜ்: பொத்தானா, வில்லையா?

வட்டமான சிறு தகரம், அதன் முகத்தில் ஒரு படமோ வாசகமோ, முதுகில் ஓர் ஊசி. சட்டையில் நெஞ்சருகே குத்திக்கொள்வார்கள். இப்போது பள்ளிக்கூடப் பையின் வாரிலும் தொப்பியிலும்கூடப் பார்க்கிறோம். கடையில் இதற்குப் பெயர் ‘பட்டன் பேட்ஜ்’. வீட்டிலேயே செய்துகொள்ள உதவும் கைப்பிடி இயந்திரத்தை விற்பவர்கள் ‘பின்-பேக் பட்டன்’ என்ற அமெரிக்கப் பெயரையும் சேர்த்துப் போடுவதுண்டு. அந்தப் பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆங்கிலப் ‘பின்’ ஊசி. தமிழ்ப் ‘பின்’ முதுகுப்பக்கம். இந்தப் பொருளில் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

சிக்கல் ‘பட்டன்’ என்பதில். இது எதையும் மூட்டுவதில்லை, காஜாவுக்குள் நுழைவதும் இல்லை. பிறகு எப்படிப் பட்டன் ஆயிற்று?

பெயர் அமெரிக்காவில் ஒட்டிக்கொண்டது. ஜார்ஜ் வாஷிங்டன் 1789-இல் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது, அவர் பெயரின் முதலெழுத்துகளும் ‘தலைவர் நீடூழி வாழ்க’ என்ற வாழ்த்தும் பொறித்த உலோகப் பொத்தான்கள் வந்தன. அவை நிஜப் பொத்தான்கள், கோட்டில் தைத்துக்கொள்பவை. 1860 தேர்தலில் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சிறு இரும்புத் தகட்டில் ஒளிப்படமாகவே பதித்து உடையில் மாட்டிக்கொண்டார்கள். இன்று நாம் காணும் வடிவத்தைப் பரப்பியது நியூ ஜெர்சி மாநிலத்து நுவார்க் நகரின் ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம். அதன் பழைய பேட்ஜுகளைத் திருப்பிப் பார்த்தால், உள்ளே ஒட்டியிருக்கும் துண்டுத் தாளில் 1896 ஜூலை 21 என்ற காப்புரிமைத் தேதி இருக்கும்.

அவர்கள் செய்தது இதுதான். தாளில் படம் அச்சிட்டார்கள். அதன்மேல் செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கின் மெல்லிய ஏட்டை வைத்து, இரண்டையும் ஓர் உலோக வட்டின்மேல் போர்த்தி, விளிம்பைப் பின்னால் மடித்து, ஒரு வளையத்தால் இறுக்கினார்கள். வளைத்த கம்பி ஒன்று அந்த வளையத்துக்குள் தன் விறைப்பினாலேயே நிற்கும். அதன் கூர்முனைதான் ஊசி. செல்லுலாய்டு செய்த ஹயாட் சகோதரர்களின் ஆலையும் அதே நுவார்க்கில் இருந்தது என்பதால் சரக்குக்குப் பஞ்சமில்லை. அந்த 1896-இல் மெக்கின்லிக்கும் பிரையனுக்கும் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் இரு தரப்பும் இவற்றை அள்ளி வீசின. சிகரெட் நிறுவனங்கள் பாக்கெட்டோடு இனாமாகவும் கொடுத்தன.

தமிழ்நாட்டுத் தையல் சாமான் கடைகளில் ரவிக்கைக்கும் சுடிதாருக்கும் ‘துணி பட்டன்’ போட்டுத் தருவதைப் பார்த்திருப்பீர்கள். உலோகக் குமிழின்மேல் நம் துணியை வைத்து, அடிப்பாகத்தைப் பொருத்தி, கைப்பிடியை ஓர் அழுத்து அழுத்தினால் துணி சுற்றிய பட்டன் வந்துவிடும். துணிக்குப் பதில் படத்தாளையும், தைக்கும் காதுக்குப் பதில் ஊசியையும் வைத்தால் பட்டன் பேட்ஜ். இரண்டும் ஒரே வேலை. மூட்டாத பொருளுக்கு மூட்டும் பொருளின் பெயர் வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆங்கிலேயர் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களிடம் ‘பேட்ஜ்’ என்று ஒன்று முன்பே இருந்தது. இடைக்காலத்தில் ஒரு பிரபுவின் ஆட்கள் அவருடைய குலச்சின்னத்தை அணிவார்கள். கான்டர்பரிக்கு யாத்திரை போனவர்கள் ஈயம் கலந்த சிறு சின்னங்களை வாங்கிக் குத்திக்கொண்டு திரும்புவார்கள். அதெல்லாம் பேட்ஜ். இந்தச் சொல்லின் வேர் ஆங்கில அகராதிகளுக்கே பிடிபடவில்லை. ஆக, அமெரிக்கருக்குப் பட்டன், பிரிட்டனில் பேட்ஜ். நம் ஊர்ச் சந்தை யாருக்கும் மனக்குறை வேண்டாம் என்று இரண்டையும் சேர்த்துக்கொண்டது. ஜப்பானியர்தான் பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்: அங்கே இது ‘கான் பாஜ்ஜி’. கான் என்றால் தகர டப்பா.

பட்டனுக்குத் தமிழ் பொத்தான்தானே, ‘பொத்தான் சின்னம்’ என்று எழுதினால் ஆயிற்று என்று சிலர் நினைக்கலாம். ஆகாது. பொத்தானே போர்த்துகீசியம் தந்தது. ஜன்னல், சாவி, அலமாரி வந்த அதே கப்பலில் ‘போத்தாவ்ங்’ என்ற சொல்லும் வந்து பொத்தான் ஆயிற்று. ‘வாயைப் பொத்து’ என்கிற பொத்து நம்மிடம் ஏற்கெனவே இருந்ததால், வந்த சொல் வீட்டுப் பிள்ளை போலவே தோன்றுகிறது. போர்த்துகீசியச் சொல்லும் ஆங்கிலப் ‘பட்டன்’ என்பதும் ஒரே குடும்பம். மூலச் சொல்லுக்கு மொட்டு, முட்டிக்கொண்டு வெளியே வரும் குமிழ் என்று பொருள். போர்த்துகீசியத்தில் இன்றும் பூமொட்டுக்கு அதே சொல்தான். எனவே பட்டனை எடுத்துவிட்டுப் பொத்தானைப் போடுவது புதிய கடனைப் பழைய கடனால் அடைக்கிற கணக்கு. இலங்கைத் தமிழில் பட்டனுக்குத் ‘தெறி’ என்ற நல்ல சொல் உண்டு. ஆனால் அதுவும் சட்டையை மூட்டுவதுதான், இங்கே உதவாது.

‘சின்னம்’ மட்டும் போதாதா? போதாது என்பதே என் கருத்து. உதயசூரியனும் இரட்டை இலையும் சின்னங்கள். அவற்றைச் சுவரில் எழுதலாம், கொடியில் அச்சிடலாம், வாக்கு இயந்திரத்தில் ஒட்டலாம். சின்னம் என்பது உருவம். நாம் தேடுவது அந்த உருவத்தைத் தாங்கும் பொருளுக்கான பெயர். ‘இலச்சினை’ இன்னும் தூரம் போய்விடுகிறது. அது முத்திரை, அரசாணை வாசம் வீசும் சொல்.

தமிழில் இதற்கு ஒரு சொல் நெடுநாளாகவே இருக்கிறது: வில்லை.

வில்லை என்றால் தட்டையான, பெரும்பாலும் வட்டமான, சிறு துண்டு. கற்பூர வில்லை, சந்தன வில்லை, மருந்து வில்லை எல்லாம் நாம் அன்றாடம் புழங்குபவை. பெண்கள் தலையில் வைக்கும் ஜடைவில்லை இன்னொன்று. அஞ்சல்தலையை ‘அஞ்சல்வில்லை’ என்றும் எழுதியிருக்கிறார்கள். பேச்சில் சில இடங்களில் இது ‘பில்லை’ ஆகிவிடும். நமக்கு வேண்டிய பொருளும் இதில் இருக்கிறது: அரசு அலுவலகச் சேவகர்கள் இடுப்புப் பட்டையிலோ தோளிலிருந்து குறுக்காகத் தொங்கும் டவாலியிலோ அணிந்த பித்தளைத் தகடு. அதற்கும் பெயர் வில்லைதான். ‘வில்லைச்சேவகன்’ என்று அகராதியில் ஒரு பதிவே உண்டு. வில்லை இருந்தால் அவன் கலெக்டர் கச்சேரி ஆள். வில்லை இல்லாவிட்டால் தெருவில் போகும் யாரோ ஒருவன். அக்கம்பக்கத்து மொழிகளிலும் சொல் இதே வேலையைச் செய்தது. தெலுங்கில் சேவகனுக்குப் ‘பில்ல பண்ட்ரோத்து’ என்றே பெயர். கன்னடத்தில் ‘பில்லெ’. இந்தியில் ‘பில்லா’ என்றாலே பேட்ஜ். ரயில் நிலையப் போர்ட்டரின் கையில் இருக்கும் பித்தளைத் தகட்டை அப்படித்தான் சொல்வார்கள். இவ்வளவு பொருத்தமான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ‘அடையாள அட்டை ஊசி’ என்றெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

வில்லைக்கு முன்னால் ஓர் அடை வேண்டும். மாத்திரையிலிருந்து பிரித்துக்காட்ட வேண்டுமே. ‘ஊசிவில்லை’ என்று வைத்தால் மருத்துவமனை வாசம் அடிக்கிறது; ஊசியும் மாத்திரையும் ஒன்றாக ஞாபகம் வருகின்றன. ‘ஊக்குவில்லை’ பரவாயில்லை, ஆனால் ஊக்கே ஆங்கில ‘ஹுக்’ தந்த பிள்ளை. நான் தேர்ந்தெடுப்பது குத்துவில்லை. பேட்ஜ் என்ற பெயருக்குத்தான் நாம் ஆங்கிலத்திடம் போகிறோம், வினைக்குப் போவதில்லை. சுதந்திர தினத்தில் கொடி குத்துகிறோம். டிசம்பர் 7 கொடி நாளில் உண்டியலில் காசு போட்டால் சட்டையில் கொடி குத்திவிடுகிறார்கள். ஊழியர்கள் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். குத்து என்பது பேச்சிலேயே இருப்பதால் குத்துவில்லையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குத்துவிளக்கு நினைவுக்கு வரும் என்பார்கள். வரட்டும், அந்த வீட்டில் இதுவும் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டில் கைப்பிடி இயந்திரத்தால் குத்துவில்லை செய்பவர்களுக்கு உறுப்புகளின் பெயரும் வேண்டியிருக்கும். ஒரு வில்லைக்கு நான்கு துண்டுகள். குவிந்த வெற்றுத் தகரம் மேல்தகடு. அதன்மேல் அச்சிட்ட படத்தாள். அதற்கும் மேல் ஒளிபுகும் பாலியஸ்டர் ஏடு. செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும் என்பதால் அந்த இடத்துக்கு இது வந்துவிட்டது. தமிழில் கண்ணாடித்தாள் என்றால் எல்லோருக்கும் புரியும். நான்காவது, ஊசி பூட்டிய அடித்தகடு. இயந்திரத்தில் இரண்டு கிண்ணங்கள் இருக்கும். தொழிலில் ‘டை’ என்பார்கள், அப்படியே வைத்துக்கொள்ளலாம். முதல் கிண்ணத்தில் மேல்தகடு, படத்தாள், கண்ணாடித்தாள் என்று இந்த வரிசையில் அடுக்கிக் கைப்பிடியை இறக்கினால், அதோடு மேலிருந்து இறங்கும் மேலச்சு மூன்றையும் கவ்விக்கொள்ளும். கிண்ணம் காலியாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். எல்லாம் மேலேதான் இருக்கின்றன. அடுத்து, அடித்தகடு வைத்த இரண்டாம் கிண்ணத்தை மேலச்சின் கீழே தள்ளியோ திருப்பியோ கொண்டுவந்து மறுபடி அழுத்த வேண்டும். இப்போது தாளின் ஓரம் உள்ளே மடிந்து, தகடுகள் இரண்டும் விளிம்பில் கடித்துப் பூட்டிக்கொள்கின்றன. பசை, ஆணி எதுவும் கிடையாது.

வழக்கமான அளவுகள் 25, 32, 44, 58, 75 மி.மீ. இது முடிந்த வில்லையின் குறுக்களவு. தாளை அதைவிடப் பெரிதாக வெட்ட வேண்டும், 58 மி.மீ. வில்லைக்கு ஏறத்தாழ 70 மி.மீ. வட்டம் தேவை. மிச்சம் பின்னால் மடிவதற்கு. எழுத்தை ஓரம்வரை கொண்டுபோனால் அது மடிப்புக்குள் போய்விடும், ‘வாழ்க’ என்பது ‘வாழ்’ என்று நிற்கும். தாள் 80 முதல் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை போதும். பளபளப்பு அழகாக இருக்கிறதென்று தடித்த ஒளிப்படத் தாளை வைத்தால் விளிம்பு பூட்டாது. வலுக்கட்டாயமாக அழுத்தினால் கெடுவது இயந்திரம். இன்க்ஜெட்டில் அச்சிட்டால் மை நன்றாகக் காயட்டும். கண்ணாடித்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டாக வந்துவிடுவதும் அடிக்கடி நடக்கும். விரலால் தேய்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். படத்தின் தலையும் ஊசியின் கிடையும் நேராக இருக்கின்றனவா என்று அழுத்துவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பூட்டிய பிறகு திருத்த வழியில்லை, தலைவர் சட்டையில் சாய்ந்தபடிதான் இருப்பார்.

இதே இயந்திரத்தில் அடித்தகட்டை மட்டும் மாற்றிக் காந்தம், சாவிக்கொத்து, கைக்கண்ணாடி என்றும் செய்கிறார்கள். அவற்றில் குத்த ஊசி இல்லாததால் குத்துவில்லை பொருந்தாது. குளிர்பெட்டியில் ஒட்டுவதைக் காந்தவில்லை எனலாம், சாவியோடு தொங்குவதைச் சாவிவில்லை எனலாம். கைக்கண்ணாடிக்கு மட்டும் கண்ணாடிவில்லை என்று வைக்க முடியாது. அந்தப் பெயரைக் கேட்டால் மூக்குக்கண்ணாடியின் லென்ஸ்தான் நினைவுக்கு வரும். அதைக் கைக்கண்ணாடி என்றே விட்டுவிடலாம்.