பழைய டிஸ்க்கும் டிராயரில் கிடந்த சார்ஜரும்

"லினக்ஸில் தெரியவே இல்லை, செத்துப்போச்சுபோல" என்று என்னிடம் கொண்டுவரும் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றுக்கு உயிர் நன்றாகவே இருக்கும். கரன்ட் போதாமல் கிடக்கும், அவ்வளவுதான்.

3.5 அங்குல டிஸ்க் சுற்ற 12 வோல்ட் வேண்டும். சாதாரண யுஎஸ்பி தருவதோ 5 வோல்ட். அதனால்தான் அதை யுஎஸ்பியில் இணைக்கும் அடாப்டர்களோடு தனியாக ஒரு பவர் சப்ளையும் வருகிறது. லேப்டாப்பிலிருந்து கழற்றிய 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்டே போதும். ஆனால் யுஎஸ்பி 2.0 போர்ட்டின் வரம்பு 500 மில்லி ஆம்பியர். பழைய டிஸ்க் கிளம்பும்போது அதைவிட அதிகம் இழுக்கும். 'டிக், டிக்' என்று முனகிவிட்டு நின்றுவிடும். டெர்மினலில், லினக்ஸின் உள் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜ் (dmesg) கட்டளையை ஓட்டினால், இணைந்தது, துண்டித்தது என்று வரிகள் மாறி மாறி ஓடும். தனி பவர் சப்ளை உள்ள யுஎஸ்பி ஹப்பில் மாட்டிப் பாருங்கள்.

இதில் நானே சூடுபட்டிருக்கிறேன். வட்ட பின் கச்சிதமாக நுழைகிறதே என்று, டிராயரில் கிடந்த 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரை டிஸ்க் இருந்த ஒரு 12 வோல்ட் வெளிப்பெட்டியில் செருகினேன். 'பட்' என்று ஒரு சத்தம், அப்புறம் கருகல் வாடை. டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு போயே போச்சு. இப்போது வோல்டேஜையும், பிளஸ் நடுவிலா வெளியிலா என்பதையும் லேபிளில் படிக்காமல் எதையும் மாட்டுவதில்லை.

ஐடிஇ (அகலமான பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய வகை) டிஸ்க் என்றால், அதன் பின்களில் செருகியிருக்கும் ஜம்பர் என்ற சின்ன மூடியைப் பாருங்கள். அது மாஸ்டர் (முதன்மை டிஸ்க்) நிலையில் இருப்பதைத்தான் பெரும்பாலான அடாப்டர்கள் எதிர்பார்க்கும். ஃபயர்வயர் (யுஎஸ்பி போன்ற ஒரு பழைய இணைப்பு வகை) உள்ள டிஸ்க் பெட்டிக்கு, முனையை மட்டும் யுஎஸ்பியாக மாற்றும் மலிவு கன்வர்ட்டரை வாங்காதீர்கள். இரண்டும் பேசும் மொழியே வேறு. பெட்டியைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் சாதாரண ஐடிஇ அல்லது அதற்குப் பின் வந்த சாட்டா டிஸ்க்தான் இருக்கும். அதை எடுத்து அடாப்டரில் மாட்டலாம்.

சரி, டிஸ்க் தெரிந்துவிட்டது. உடனே ஃபோல்டரைத் திறக்கத்தான் கை பரபரக்கும். மாட்டியதும் டிஸ்க்கின் கோப்புகளைத் தானாகவே திறக்கத் தயாராக்கும் (மவுன்ட் செய்யும்) டெஸ்க்டாப்பின் ஆட்டோ மவுன்ட்டை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்தாலும், ஒழுங்காக மூடப்படாத எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பு முறைகள்) பார்ட்டிஷனில், ஜர்னல் என்ற மாற்றப் பதிவேட்டைச் சரிசெய்ய லினக்ஸ் எழுதவே செய்யும். நோலோட் (noload) ஆப்ஷனையும் சேர்த்தால்தான் சும்மா இருக்கும். நான் மவுன்ட் செய்வதற்கு முன்பே ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்புக் கருவியால் முழு டிஸ்க்கையும் ஓர் இமேஜ் கோப்பாக எடுத்துவிடுவேன். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பின் பெயரையும் கொடுத்துவிட்டால், நடுவில் டிஸ்க் படுத்துவிட்டாலும், அதை ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்தே மறுபடி தொடங்கலாம்.