பக்கத்து வண்டியின் ஜெட் நம்பர் உங்கள் பிஸ்டனைக் காப்பாற்றாது

சென்ற மாதம் ஒரு தம்பி தன் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் பைக்கை என் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "நேத்து வரைக்கும் சூப்பரா இழுத்துச்சுங்ணா. இன்னிக்கு டர்ட் டிராக்ல மூணாவது ரவுண்டுல அப்படியே பூட்டிக்கிச்சு" என்றார். சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தேன். பிஸ்டனின் சைலன்சர் பக்கம் முழுக்கக் கோடு கோடாகச் சிராய்ப்பு, ரிங் ஒட்டிப்போயிருந்தது. சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியிருந்தார். "ஜெட்?" என்று கேட்டேன். "பிரெண்டு வண்டில என்ன நம்பரோ அதையே போட்டேங்ணா." கார்புரேட்டரில் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலை அளந்து விடும், துளை போட்ட சிறு பித்தளைத் துண்டுதான் ஜெட்.

அவர் சொன்ன "சூப்பரா இழுத்துச்சு"தான் எனக்குக் கவலை. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற லீன் நிலையில் டூ ஸ்ட்ரோக் வண்டி சட்டென்று துடிப்பாக ஓடும். புகை குறையும், சத்தம் கூர்மையாகும். ஓட்டுபவருக்கு டியூனிங் அருமையாக அமைந்துவிட்டது போலத் தோன்றும். உள்ளேயோ பிஸ்டன் சூடேறி விரிந்துகொண்டிருக்கும். பந்தயத்துக்காக ஆயில் பம்பை எடுத்துவிட்டு பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டினால் ஆபத்து இரட்டிப்பு. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது.

இன்னொன்றையும் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். லிட்டருக்கு 20 மில்லி கலந்தவர், பாதுகாப்புக்காக என்று 40 மில்லி கலப்பார். ஆயில் ஏறிய அளவுக்கு அதே ஜெட் வழியே போகும் பெட்ரோல் குறையும். அதாவது கலவை லீன் ஆகும். ஆயிலைக் கூட்டினால் ஜெட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஆர்எக்ஸ் 100 விற்பனையில் இருந்தது 1985 முதல் 1996 வரை. அந்தக் காலத்து பெட்ரோலுக்கு வைத்த ஜெட் அது. இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. இந்தக் கலப்புக்கு 13.5 கிலோவே போதும். அதே துளை, அதே காற்று என்றால் நீங்கள் எதையும் தொடாமலேயே கலவை லீன் ஆகிவிட்டது. ஈடுகட்ட சுமார் 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் போக வேண்டும். பழைய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சரி, 9 சதவீதம் என்றால் எத்தனை நம்பர் ஏற்றுவது? இங்கேதான் குழப்பம். சில ஜெட்டில் எண் என்பது துளையின் விட்டம். 100 என்றால் 1 மில்லிமீட்டர். சிலவற்றில் அது எரிபொருள் பாயும் அளவு. மிகுனி என்ற ஒரே கார்புரேட்டர் கம்பெனியிலேயே வட்டத் தலை ஜெட்டுக்கு ஒரு கணக்கு, அறுகோணத் தலை ஜெட்டுக்கு வேறு கணக்கு. விட்டக் கணக்கில் 100-லிருந்து 105-க்குப் போனால் துளையின் பரப்பு 10 சதவீதம் கூடிவிடும். ஆகவே முதலில் ஜெட்டின் வகையைப் பாருங்கள், அப்புறம் எண்ணைப் பாருங்கள்.

கார்புரேட்டரில் மெயின், பைலட் என்று இரண்டு ஜெட் உண்டு. நான் எப்போதும் மெயின் ஜெட்டிலிருந்து தொடங்குவேன். முக்கால் திராட்டிலுக்கு மேல் அதுதான் ஆட்சி செய்கிறது, பந்தயத்தில் பிஸ்டன் சாவதும் பெரும்பாலும் அங்கேதான். சர்வீஸ் மேனுவல் எண்ணைவிட இரண்டு மூன்று படி பெரிதாகப் போடுங்கள். முழு திராட்டிலில் வண்டி அடைத்துக்கொண்டு மிஸ் அடிக்கும். பயப்பட வேண்டாம், பெட்ரோல் அதிகமான ரிச் நிலை பிளக்கைக் கறுப்பாக்கும், பிஸ்டனை எடுக்காது. ஒவ்வொரு படியாகக் குறைத்து, மிஸ் அடிப்பது நின்று சுத்தமாக இழுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் புது பிளக் போட்டு, காலி டிராக்கில் முழு திராட்டிலில் ஓட்டி, கிளட்சைப் பிடித்த அதே நொடி சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கானின் அடியாழத்தில் காப்பி நிற வளையம் தெரிய வேண்டும். வெளுத்திருந்தால் ஜெட்டை ஏற்றாமல் ஓட்டாதீர்கள்.

நடு திராட்டிலுக்கு நீடில், அதாவது திராட்டிலோடு ஏறி இறங்கும் ஊசி: கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாட்டினால் நீடில் உயரும், ரிச் ஆகும். அடி திராட்டிலுக்கு பைலட் ஜெட். ஐடிலிங்குக்கான காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை ஒரு சுற்றுகூடத் திறக்காமலே ஐடிலிங் நன்றாக இருந்தால் பைலட் சிறியது. இரண்டரை சுற்று தாண்டியும் திறக்க வேண்டியிருந்தால் பெரியது.

மலைக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வண்டி ரிச்சாகத் திணறும். ஜெட்டைக் குறைத்தால் அழகாக ஓடும். அதே ஜெட்டோடு மேட்டுப்பாளையம் இறங்கி, சமவெளியில் முழு திராட்டில் பிடித்தால் பிஸ்டன் போய்விடும். இறக்கத்திலும் திராட்டிலை மூடியே கியரில் விடாதீர்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயிலோ குறைவாகத்தான் போகும். அவ்வப்போது லேசாக முறுக்கிக் கொடுங்கள்.

அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்தும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பித்தளை மிருதுவானது. துளை பெரிதான பிறகு அதன் மேல் பொறித்த எண்ணுக்கு அர்த்தமில்லை. காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், போகவில்லையென்றால் புதிது வாங்குங்கள். ஜெட்டைத் தொடும் முன் கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரில் விரிசல் இருக்கிறதா, கிராங்க் ஆயில் சீல் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே காற்று இழுத்தால் எந்த ஜெட்டும் உதவாது.

அந்தத் தம்பியின் வண்டிக்கும் அதுதான் நடந்திருந்தது. ஜெட் சிறியது, இன்டேக் ரப்பரிலும் வெடிப்பு. சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து, புது பிஸ்டன் போட்டு, அவரை வைத்தே டிராக்கில் நான்கு ஜெட் மாற்றிப் பார்த்தோம். கடைசியில் நின்ற ஜெட், நீடில் பள்ளம், ஏர் ஸ்க்ரூ சுற்று, ஆயில் அளவு, தேதி, இடம் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி சைடு பாக்ஸ் மூடிக்குள் ஒட்டிக் கொடுத்தேன்.