தழும்பில்லாத தைராய்டு ஆபரேஷன்: எந்த வழி, யாருக்கு?

“கழுத்துல கோடு விழுமா டாக்டர்?” தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன் என்றதும் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். 24 வயதுப் பெண்ணை அழைத்து வந்த ஓர் அம்மாவும் இதையே கேட்டார். தை மாதம் கல்யாணம். கையிலிருந்த செல்போனில், வாய் வழியாகத் தைராய்டை எடுக்கும் வீடியோ. கேட்டதில் தப்பே இல்லை. கழுத்தில் கோடு இருந்தால் சொந்தபந்தம் எத்தனை முறை விசாரிக்கும் என்று எனக்கும் தெரியும்.

ஆனால், நான் பயப்படும் இடம் தோலுக்கு உள்ளே இருக்கிறது. தைராய்டின் பின்னால் இருபுறமும் குரல் நரம்பு போகிறது. வெள்ளை நூலிழை மாதிரி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான். பக்கத்திலேயே பாராதைராய்டு சுரப்பிகள், வழக்கமாக நான்கு. ஒவ்வொன்றும் அரிசி அளவு, பழுப்பு கலந்த மஞ்சள். கொழுப்பு என்று நினைத்து எடுத்துவிடும் அளவுக்கு ஒன்றுபோலவே இருக்கும். நரம்பில் அடிபட்டால் குரல் கம்மும். தைராய்டு முழுவதையும் எடுக்கும்போது இந்தச் சுரப்பிகள் கெட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும். எந்த வழியில் நுழைந்தாலும் இவற்றைக் காப்பாற்றியாக வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த ஆபரேஷனில் நூற்றுக்கு 40 பேர் வரை இறந்தார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோச்சர் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தி, நிதானமாக அறுத்து, அதை ஒரு சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். 1909-ல் நோபல் பரிசு பெற்றார். கழுத்தில் குறுக்காக வெட்டும் இன்றைய ‘திறந்த முறை’ அவர் வழியில் வந்ததுதான். பழகிய கைகளில் குரல் நிரந்தரமாகக் கெடுவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான்.

வாய்வழி முறையைப் பரவலாக்கியவர் பாங்காக்கைச் சேர்ந்த மருத்துவர் அங்கூன் அனுவோங். தன் முதல் 60 நோயாளிகளைப் பற்றி 2016-ல் எழுதினார். கீழுதட்டின் உள்பக்கம் மூன்று துளை, கார்பன் டை ஆக்சைடு வாயு, கேமரா. வெளியே தழும்பே இருக்காது. தகுந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, தேர்ந்தவர்கள் செய்தால் குரல், கால்சியம் விஷயத்தில் முடிவுகள் திறந்த முறையை ஒட்டியே வருகின்றன. அதற்காக இதை ‘சின்ன ஆபரேஷன்’ என்று எண்ணிவிடாதீர்கள். உதட்டிலிருந்து கழுத்துவரை தோலுக்கடியில் பாதை போட வேண்டும், நேரமும் கூடும். தாடை மரத்துப்போகலாம், தோல் கன்றலாம், வாய்க்கிருமி உள்ளே போகலாம். மிக அரிதாக வாயு ரத்தக்குழாயில் நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. வாய்க்குப் பதில் அக்குள் வழியாகப் போனால், கையைத் தூக்கி வைப்பதில் கை நரம்பு இழுபடலாம்.

எல்லா வழிக்கும் பொதுவான பயம், ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரி. உள்ளே ரத்தம் கசிந்தால் கழுத்து வீங்கி மூச்சு அடைக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் தியேட்டருக்குத் தள்ளிப்போகக்கூட நேரமிருக்காது, கட்டிலிலேயே தையலைப் பிரிக்க வேண்டியிருக்கும். அதனால் ராத்திரி டியூட்டியில் யார் இருப்பார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். டாக்டர் வருடத்துக்கு எத்தனை தைராய்டு செய்கிறார் என்றும் கேளுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். முழுத் தைராய்டை வருடத்துக்கு 25-க்கு மேல் எடுப்பவர்களிடம் சிக்கல் குறைவு என்று 2017-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

அந்தப் பெண்ணுக்கு ஸ்கேனில் கட்டி நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கியிருந்தது. அப்படி இறங்கிய கட்டி, கழுத்துப் பக்கவாட்டு நெறிகட்டிகளுக்குப் பரவிய புற்றுநோய், ஏற்கெனவே கழுத்தில் ஆபரேஷன், இவற்றுக்கெல்லாம் வாய்வழி சரிவராது. படம் வரைந்து காட்டியதும் இருவரும் திறந்த முறைக்குச் சம்மதித்தார்கள். மயக்க மருந்துக்கு முன்னால் அவரை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, கழுத்தின் இயல்பான மடிப்பிலேயே பேனாவால் கோடு போட்டேன்; படுத்தால் மடிப்பு இடம் மாறிவிடும். மறுநாள் காலை பேரைச் சொல்லச் சொன்னேன். பழைய குரலிலேயே சொன்னார். விரல் மரத்தால் நடு ராத்திரி என்றாலும் கூப்பிடச் சொல்லி, கால்சியம் மாத்திரைச் சீட்டை அம்மா கையில் கொடுத்தேன்.