டேக்கிள்: பறிப்பா, சவிட்டா?

தூத்தூர், வள்ளவிளை, நீரோடி என்று கேரள எல்லையை ஒட்டிய எங்கள் கடற்கரை ஊர்களில் கால்பந்துப் போட்டி நடக்கும்போது மைக்கில் அடிக்கடி வரும் சொல் டேக்கிள், அதாவது எதிராளியின் காலில் இருக்கும் பந்தை எடுக்கப் பாய்வது. நல்ல டேக்கிள், மோசமான டேக்கிள், ரெட் கார்டு டேக்கிள், எல்லாமே டேக்கிள்தான். இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வேர். டேக்கிள் கடலிலிருந்து கரையேறிய சொல். பழைய டச்சு மொழியில் டாக்கெல் என்றால் கப்பலின் கயிறு, கப்பி முதலான சாமான்கள். ஆங்கிலத்துக்கு வந்த பிறகும் அந்தப் பொருள் போகவில்லை, தூண்டில் சாமானை இன்றும் ஃபிஷிங் டேக்கிள் என்கிறார்கள். அப்புறம் குதிரைக்குச் சேணம் பூட்டுவது, ஒருவரை மடக்கிப் பிடிப்பது என்று பொருள் விரிந்து விளையாட்டுக்கு வந்தது. கபடியில் இதற்கு நம்மிடம் 'பிடி' என்ற அருமையான சொல் இருக்கிறது, ஆனால் கால்பந்தில் ஆளைப் பிடித்தால் அதுவே ஃபவுல் என்பதால் அது இங்கே ஒட்டாது. 'இடைமறிப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள், அது பாஸ் வரும் வழியில் புகுந்து பந்தை எடுப்பது, வேறு வேலை.

என் தேர்வு 'பறிப்பு'. பந்தைப் பறிப்பது, அவ்வளவுதான். தரையில் சறுக்கிப் போய் எடுத்தால் சறுக்குப் பறிப்பு.

ஆனால் ரெட் கார்டு வாங்கித் தரும் டேக்கிளைப் பறிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு எங்கள் பக்கம் ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறது: சவிட்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பொழியூரில் மலையாளத்திலும் அதேதான், மிதி, உதை இரண்டையும் சேர்த்துச் சொல்வது. போன சீசனில் ஒரு பையன் இரண்டு காலையும் நீட்டிப் பாய்ந்தான், பந்து பட்டு வெளியே போனது, அதே வேகத்தில் பூட்ஸின் அடி எதிராளியின் கணுக்காலுக்கு மேலே ஏறியது. "பந்தைத்தான் சார் எடுத்தேன்" என்று இரண்டு கையையும் விரித்தான். நடுவர் சிவப்பு அட்டையை எடுத்துவிட்டார். கரையில் பாதிப் பேர் கத்தினார்கள், ஆனால் நடுவர் செய்ததுதான் சரி.

ஏனென்றால் விதி பந்தை மட்டும் பார்ப்பதில்லை. கால்பந்தில் ஃபவுல்களைப் பற்றிய 12-ஆம் விதியில் மூன்று படி இருக்கிறது. கவனக்குறைவு என்றால் ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று எண்ணாமல் கண்மூடித்தனமாகப் போனால் மஞ்சள் அட்டை, அதாவது எச்சரிக்கை. அளவுக்கு மீறிய பலத்தோடு போனாலோ, எதிராளியின் உடம்புக்கு ஆபத்து வரும்படி போனாலோ சிவப்பு, ஆட்டத்தை விட்டே வெளியே. பந்து முதலில் பட்டது என்பது இதிலிருந்து காப்பாற்றாது. எந்த வேகம், ஒரு காலா இரண்டு காலா, பூட்ஸின் அடி எந்த உயரத்தில் பட்டது, இதையெல்லாம் நடுவர் ஒரு நொடியில் பார்த்தாக வேண்டும். 1998 உலகக் கோப்பைக்கு முன் பின்னாலிருந்து வரும் ஆபத்தான டேக்கிளுக்குச் சிவப்பு என்று தனியாகவே சொன்னார்கள், இப்போது முன், பக்கம், பின் எல்லாம் ஒன்றுதான்.

பார்வை மறைந்தால் பெரிய நடுவருக்கும் தவறும். 2010 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் நைஜல் டி யோங் பூட்ஸோடு ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் நெஞ்சில் உதைத்ததற்கு நடுவர் ஹோவர்ட் வெப் மஞ்சள்தான் காட்டினார், அது சிவப்பு என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார். எங்கள் ஊர்ச் சொல்லில் அது அசல் சவிட்டு.

அட்டைக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். சாலை சிக்னலைப் பார்த்து நடுவர் கென் ஆஸ்டனுக்குத் தோன்றிய யோசனை அது, 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் வந்தது, சிவப்பு அட்டை என்பது நம் நாக்கில் நன்றாகவே பழகிவிட்டது.

அடுத்த போட்டிக்கு மைக் பிடிக்கும் அண்ணனிடம் பேசிவிட்டேன். பந்தை எடுத்தால் "பறிப்பு", ஆளை எடுத்தால் "சவிட்டு" என்று சொல்லிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.