லுங்தா: ‘பிரார்த்தனைக் கொடி’ அல்ல

லடாக் பயணக்கட்டுரை எதைத் திறந்தாலும் ‘பிரார்த்தனைக் கொடி’ பறக்கிறது. பௌத்தர்கள் கட்டும் மந்திரம் அச்சிட்ட வண்ணத் துணியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். போன வாரம் பார்த்த ஒரு காணொளியில் அது ‘வேண்டுதல் கொடி’ ஆகிவிட்டது. இனியும் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

திபெத்திய மொழியில் லுங் காற்று, தா குதிரை. லுங்தா என்றால் காற்றுக்குதிரை. கயிற்றில் வரிசையாகக் கோக்கும் துணிகளுக்கு இதுவே பெயர். கம்பத்தில் நெடுக்காகக் கட்டுவது தார்ச்சோக். லுங்தாவின் நடுவே இரத்தின மணிகளைச் சுமக்கும் குதிரை அச்சாகியிருக்கும். அந்த மணிகள் புத்தம், தன்மம், சங்கம். மணிமேகலை ‘முத்திற மணி’ என்கிறதே, அவைதாம். சுற்றிலும் மந்திரங்கள்.

இதில் வேண்டுதல் எங்கே வந்தது? ‘prayer flag’ என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்ததால் வந்தது. பிரார்த்தனை என்றால் நமக்குக் கேட்பது. பிள்ளைவரம் கேட்டுக் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுகிறோம், அது வேண்டுதல். லுங்தாவைக் கட்டுகிறவரும் தம் நலத்தை நினைக்கலாம். ஆனால் தெய்வத்திடம் மனுக்கொடுப்பது அதன் அடிப்படை அல்ல. துணியைத் தழுவிய காற்று மந்திரத்தின் நன்மையை எல்லா உயிர்களுக்கும் கொண்டுசேர்க்கும் என்பதே நம்பிக்கை. ‘வேண்டுதல்’ என்று எழுதியதும் அந்த ‘எல்லா உயிர்களும்’ காணாமல் போய்விடுகின்றன.

‘மந்திரம்’ வடசொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ‘நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப’ என்று தொல்காப்பியமே எடுத்தாண்ட சொல் அது. அங்கேயும் மந்திரம் என்பது சொல்லின் ஆற்றல்தான், இரத்தல் இல்லை.

‘கொடி’யும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. கம்பத்தில் பறப்பதற்குக் கொடி சரி. தார்ச்சோக்கை ‘மந்திரக்கொடி’ எனலாம். கணவாய்க்குக் குறுக்கே கயிற்றில் தொங்குவதற்குத் ‘தோரணம்’ என்ற சொல் நம் வாசலிலேயே இருக்கிறது. மந்திரத் தோரணம்! பெயராகவே சொல்ல வேண்டிய இடத்தில் காற்றுக்குதிரை என்று எழுதுங்கள், அழகாக இருக்கும்.

நிறங்களையும் ‘பல வண்ணம்’ என்று கடந்துவிடுகிறார்கள். நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்ற அந்த வரிசை வான், காற்று, தீ, நீர், நிலம். ஐம்பூதம் என்று ஒரு சொல் போட்டால் தமிழ் வாசகருக்கு உடனே விளங்குமே! ஒரு மொழிபெயர்ப்பில் ‘பராமரிப்பின்றிக் கிழிந்த கொடிகள்’ என்றுகூடப் படித்தேன். அவை வெளுத்து நைந்து கிழியத்தான் கட்டப்படுகின்றன. எழுத்து மங்க மங்க மந்திரம் காற்றில் கலந்துவிட்டது என்று பொருள். லோசார் என்னும் திபெத்தியப் புத்தாண்டு வந்ததும் பழையதன் பக்கத்திலேயே புதியதைக் கட்டுவார்கள்.