சீல் உடைக்காத வாட்சுக்கும் வயதாகும்

போன மாதம் ஒரு மதியம், சாப்பாட்டுக்காகக் கடையைப் பாதி சாத்தும் நேரத்தில் ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எங்கள் பகுதிக்காரர்தான். கையில் ஒரு ஸ்மார்ட்வாட்ச் பெட்டி. "சீலே நேத்துதான் உடைச்சேன் தம்பி. ரெண்டு மணி நேரமா சார்ஜ்ல போட்டிருக்கேன், உயிரே வரலை" என்றார். ஆன்லைனில் அறுபது சதவீதம் தள்ளுபடியில் வாங்கியது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். எம்ஆர்பி போட்டிருக்கும் ஸ்டிக்கரிலேயே, பொடி எழுத்தில் உற்பத்தி மாதமும் வருடமும் இருந்தன. நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி.

வாட்சில் ஒரு கீறல் இல்லை. கண்ணாடிமேல் ஒட்டிய பிளாஸ்டிக்கூட உரியவில்லை. ஆனால் உள்ளே இருந்த லித்தியம் பேட்டரி நான்கு வருடமும் சும்மா இருக்கவில்லை. தொழிற்சாலையில் அதைப் பாதியளவு சார்ஜில்தான் பெட்டிக்குள் வைப்பார்கள். கிடங்கில் கிடக்கும்போதே அது துளித்துளியாக வடிந்துகொண்டிருக்கும். வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், பேட்டரியோடு இருக்கும் பாதுகாப்பு மின்சுற்று தொடர்பைத் துண்டித்துவிடும். அப்புறம் எந்தச் சார்ஜரைப் போட்டாலும் ஏறாது. வலுக்கட்டாயமாக ஏற்றுவதும் ஆபத்து.

"திறந்து பார்க்கவா?" என்று நான் கேட்கவில்லை. திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம் இருந்தது. நான் கை வைத்திருந்தால் அதுவும் போயிருக்கும். "சார், இன்னைக்கே ரிட்டர்ன் போடுங்க" என்று அனுப்பிவைத்தேன்.

திருச்சியில் பதினோரு வருடமாகப் போன், வாட்ச் சர்வீஸ் செய்கிறேன். தீபாவளி நெருங்கினால் தினமும் யாராவது கேட்பார்கள்: "அண்ணே, போன மாடல் பாதி விலைக்கு வருது, எடுத்துடலாமா?" நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். அந்த மாடல் எந்த வருடம் வந்தது? உங்கள் போன் எது? முதல் கேள்விக்குப் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. கட்டம் கட்டி அடித்த பழைய விலையையும் பக்கத்தில் சிவப்பாக மின்னும் புது விலையையும்தான் பார்த்திருப்பார்கள்.

ஸ்மார்ட்வாட்சின் ஆயுள் நாம் பெட்டியைத் திறக்கும் நாளிலிருந்து ஓடுவதில்லை. மாடல் சந்தைக்கு வந்த நாளிலேயே ஓடத் தொடங்கிவிடும். ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 3 வந்தது 2017 செப்டம்பரில். விலை குறைந்த மாடல் என்று 2022 செப்டம்பர் வரை ஆப்பிளே அதை விற்றது. அதே மாதம் வந்த வாட்ச்ஓஎஸ் 9 என்ற புது மென்பொருள், சீரிஸ் 3-க்குக் கிடையாது. அந்தக் கோடையில் புத்தம் புதிதாக வாங்கியவருக்கு மூன்றே மாதத்தில் கதவு சாத்தப்பட்டது. அதற்கு முன்பே அது தொல்லைதான். ஜிபிஎஸ் மட்டும் உள்ள மாடலில் சேமிப்பு 8 ஜிபி. அப்டேட் போட இடம் போதாமல், போனிலிருந்து வாட்சைப் பிரித்து, எல்லாவற்றையும் அழித்து, மறுபடி இணைக்கச் சொல்லும். 2021-இல் இதற்காகவே என்னிடம் வந்தவர்கள் உண்டு. அரை மணி நேர வேலை, காசு கேட்கவே கூச்சமாக இருக்கும்.

2020-இல் வந்த ஆப்பிளின் முதல் எஸ்இ மாடலும் 2022 வரை கடையில் இருந்தது. 2024-இல் வந்த வாட்ச்ஓஎஸ் 11 அதை விட்டுவிட்டது, கூடவே சீரிஸ் 4, 5 இரண்டையும். கடைசி நாளில் வாங்கியவருக்குக் கிடைத்தது இரண்டு பெரிய அப்டேட். சாம்சங்கிலும் இதே கதை. 2021-இல் கேலக்ஸி வாட்ச் 4 வந்தபோது டைசன் என்ற பழைய மென்பொருளை விட்டுவிட்டு கூகுளின் வேர் ஓஎஸ்ஸுக்கு மாறினார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பு வந்த வாட்ச் 3 வரை கேலக்ஸி வாட்சுகள் எல்லாமே டைசன். பார்க்க அழகான வட்ட முகம், சுழலும் வளையம், நல்ல உலோகம். ஆனால் அவற்றுக்குப் புது ஆப் கொடுக்கும் கடையைப் படிப்படியாக மூடிவிட்டார்கள். ஃபாசில் நிறுவனம் 2024 ஜனவரியில் ஸ்மார்ட்வாட்ச் தொழிலிலிருந்தே விலகியது. அந்த அறிவிப்புக்குப் பிறகு தள்ளுபடியில் அள்ளியவர்கள் ஏராளம்.

அப்டேட் நின்ற மறுநாளே வாட்ச் நின்றுவிடாது. நேரம் காட்டும், நடையை எண்ணும், போன் வந்தால் அதிரும். தொல்லை வருவது போன் பக்கத்திலிருந்து. நீங்கள் போனை மாற்றுவீர்கள், போனின் மென்பொருள் மாறும், ஒருநாள் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் நிற்கும். ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ரூபாய் வாட்சுகளில் இது இன்னும் சீக்கிரம். வாட்சோடு பேசும் ஆப்பே பிளே ஸ்டோரிலிருந்து காணாமல் போய்விடும். ஆப் இல்லாவிட்டால் அந்த வாட்சில் நேரத்தைக்கூடச் சரியாக வைக்க முடியாது.

இதனால்தான் இரண்டாவது கேள்வி. ஐபோன் வைத்திருந்த ஒரு கல்லூரி மாணவர், கேலக்ஸி வாட்ச் 4 பாதி விலைக்குக் கிடைத்த சந்தோஷத்தில் நேராகக் கடைக்கு வந்து "இணைச்சுக் கொடுங்கண்ணே" என்றார். இணையாது. அந்த மாடலிலிருந்து ஐபோனுக்கு ஆதரவு கிடையாது. அவருடைய அண்ணன் பழைய டைசன் வாட்சை ஐபோனோடு ஓட்டிக்கொண்டிருந்ததுதான் குழப்பத்துக்குக் காரணம். ஆப்பிள் வாட்சும் ஆண்ட்ராய்டு போனோடு சேராது. வேறு நிறுவன ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: கேலக்ஸி வாட்சில் ஈசிஜியும் ரத்த அழுத்தமும் பார்க்க சாம்சங் போனே வேண்டும். இணைந்துவிட்டது என்பதற்காக எல்லாம் வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம்.

சரி, பேட்டரிக்கு வருவோம். என் மேசைக்கு வரும் வாட்சுகளில் பெரும்பாலானவை இதற்காகத்தான் வருகின்றன.

போனில் 5000 எம்ஏஎச் பேட்டரி. வாட்ச் 4-இன் சின்ன மாடலில் 247, பெரியதில் 361. போன் பேட்டரி இருபது சதவீதம் தேய்ந்தால் ராத்திரி கொஞ்சம் முன்னதாகச் சார்ஜில் போடுவீர்கள், அவ்வளவுதான். வாட்சில் இருபது சதவீதம் தேய்ந்தால் சாயங்கால நடைக்குப் போகும்போது அது கையில் வெறும் வளையல். ஆயிரம் முழுச் சார்ஜ் சுற்று வரை எண்பது சதவீதம் கொள்ளளவு தாங்கும்படி வடிவமைத்திருக்கிறோம் என்று ஆப்பிள் சொல்கிறது. தினமும் ஒரு சுற்று என்றால் மூன்று வருடம்கூட முழுதாக வராது. ஆகவே செகண்ட் ஹேண்டில் நாலு வருட வாட்ச் வாங்கினால், பேட்டரி மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே பேசுங்கள்.

அந்த மாற்றும் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். வாட்சைச் சூடான தட்டில் வைத்துப் பசையை இளக்குவேன். நகத்தைவிட மெல்லிய தகட்டைக் கண்ணாடி ஓரத்தில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வருவேன். டிஸ்ப்ளேயின் ரிப்பன் கேபிள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் வேறு. தப்பான பக்கம் தூக்கினால் பேட்டரிக்கு வந்தவர் டிஸ்ப்ளேக்கும் காசு கொடுக்க வேண்டியதுதான். பல வாட்சுகளில் எனக்கு இந்தச் சிரமமே இருப்பதில்லை: பேட்டரி ஊதி, கண்ணாடியை அதுவே பாதி தூக்கி வைத்திருக்கும். ஓரத்தில் முடி அளவுக்கு இடைவெளி தெரிந்தால் அதுதான். அப்படிப்பட்ட வாட்சைச் சார்ஜில் போடாதீர்கள், கையில் கட்டிக்கொண்டு தூங்காதீர்கள். 2022 மார்ச்சில் ஃபிட்பிட் அயானிக் வாட்சுகளைத் திரும்பப் பெற்றது பேட்டரி சூடேறித் தோலைச் சுட்டதால்தான்.

திறந்து மூடிய பிறகு தண்ணீர் தாங்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. திறக்காத வாட்சுக்கும்கூட, பெட்டியில் போட்டிருக்கும் 50 மீட்டர் என்பது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் கணக்கு. வியர்வை, சோப்பு, வெயில், ஒன்றிரண்டு தடவை கீழே விழுந்தது எல்லாம் சேர்ந்து பசையையும் ரப்பர் வளையத்தையும் தளர்த்திவிடும். பழைய வாட்சோடு காவிரியில் இறங்கிவிட்டு மறுநாள் டப்பா அரிசிக்குள் புதைத்துக் கொண்டுவருகிறார்கள். அரிசி வாட்சுக்கு ஒன்றும் செய்யாது. ஸ்பீக்கர் ஓட்டையில் மாவுதான் ஏறும்.

சார்ஜரும் கவனிக்க வேண்டியது. இரண்டு முள் காந்தச் சார்ஜர் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் முள் இடைவெளி சிலதில் 2.84 மில்லிமீட்டர், சிலதில் 4. விற்பனை நின்ற மாடலின் சார்ஜர் தொலைந்தால் சென்னை ரிச்சி தெருவரை ஆள் விட்டுத் தேட வேண்டியிருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் ஆப்பிள் வாட்ச் என்றால், விற்பவர் உங்கள் கண்ணெதிரே தன் ஐபோனிலிருந்து வாட்சைப் பிரித்துத் தர வேண்டும். "அப்புறமா பாஸ்வேர்ட் அனுப்புறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பழையவரின் கணக்கில் பூட்டியிருக்கும் வாட்சை நான் திறக்க முடியாது, எந்தக் கடைக்காரரும் நேர்மையாகத் திறக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் சிம் மாடலை, சிம்முக்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்காதீர்கள். வேறு நாட்டுக்கான மாடல் இங்குள்ள நெட்வொர்க்கில் வேலை செய்யாமல் போகலாம்.

அப்பா அம்மாவுக்காக வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கட்டியிருப்பவர் கீழே விழுந்தால் தெரிவிப்பது, ஈசிஜி ஆகியவை ஆப்பிளில் 2018-இன் சீரிஸ் 4-இலிருந்துதான். எஸ்இ-யில் ஈசிஜி கிடையாது. விலை குறைந்த மாடலில் எது விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். மணிக்கட்டு ஈசிஜி இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பார்க்கும், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. ஊசி குத்தாமல் சர்க்கரை பார்க்கும் வாட்ச் என்று வந்தால், அது எத்தனை சதவீதத் தள்ளுபடியானாலும் வேண்டாம். அப்படி எந்த வாட்சுக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றுவது உயிரோடு விளையாடுவது.

அப்படியானால் பழைய மாடலே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. என் கையில் இருப்பதே ஆறு வருட வாட்ச், அப்டேட் நின்று ரொம்ப நாளாயிற்று. பேட்டரியை நானே மாற்றிக்கொண்டேன். நடை எண்ணவும், கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும்போது யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கவும் எனக்குப் போதும். ஒரு வருடம் மட்டும் பழைய மாடல், முப்பது சதவீதம் குறைவு என்றால் பெரும்பாலும் நல்ல பேரம்தான். ஒரு வருடத்தில் சென்சாரில் பெரிதாக எதுவும் மாறிவிடுவதில்லை.

வாடிக்கையாளர்களுக்கு நான் போட்டுக்காட்டும் கணக்கு, பில் புக் பின்பக்கத்தில் எழுதக்கூடிய அளவுதான். புது மாடல் முப்பதாயிரம், இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்று வைத்தால் வருடத்துக்கு ஆறாயிரம். பழைய மாடல் பதினைந்தாயிரம், இரண்டு வருடம்தான் மிச்சம் என்றால் வருடத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. பாதி விலைப் பொருள் கூடுதல் விலையாகிவிட்டது. அதே பழைய மாடல் எட்டாயிரத்துக்கு வந்தால் வருடத்துக்கு நாலாயிரம், தாராளமாக எடுக்கலாம்.

வாங்கிவிட்டீர்களா, முதல் வாரம் மேசையில் வைத்து அழகு பார்க்காதீர்கள். பெட்டி ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். உங்கள் போனோடு இணையுங்கள். முழுச் சார்ஜ் ஏற்றிக் காலை ஆறு மணிக்குக் கட்டுங்கள், இரவு பத்து மணிக்கு எத்தனை சதவீதம் மிச்சம் என்று குறித்துவையுங்கள். பெட்டியில் சொன்னதற்கும் அதற்கும் மடுவுக்கும் மலைக்குமான வித்தியாசம் என்றால் ரிட்டர்ன் போட்டுவிட்டு வாருங்கள். என்னிடம் முதலில் வராதீர்கள்.